மூக்கு உணராததை உணரும் கருவி
(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



போன மாதம் உதவித்தொகை கொடுக்க, தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலில் கால் வைத்ததுமே கேஸ் வாடை. அவரோ அடுப்படியிலேயே அமர்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே வாப்பா" என்றார். கூட வந்த தம்பி லைட்டைப் போடக் கையை நீட்டினார், பிடித்து நிறுத்தினோம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, அந்த அம்மாவை வெளியே கூட்டி வந்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

வயதாக ஆக முகரும் திறன் குறைகிறது. இளையவர்களுக்கும் ஒரே வாடையை விடாமல் முகர்ந்தால் மூக்கு பழகிப்போகும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்றே எத்தில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். 1937 மார்ச் 18-ல் அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் வாடையற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பிறகே அங்கே வாடை சேர்ப்பது சட்டமானது.

வாடை இருந்தும் மூக்கு உணராவிட்டால்? அதற்குத்தான் கருவி. ஜப்பானின் நவோயோஷி தகுச்சி 1960-களில் இதற்கு வழி கண்டார். சூடாக்கிய வெள்ளீய ஆக்சைடின் மேல் எரிவாயு பட்டால் அதில் மின்சாரம் எளிதாகப் பாயும். உடனே மணி ஒலிக்கும். 1982-ல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாடும் டாட்டும் பல உணரிகளைச் சேர்த்து, அவை தரும் பதில்களை ஒப்பிட்டு வாடைகளைப் பிரித்தறியும் மின்னணு மூக்கை அமைத்தார்கள். நம் மூக்கும் சுமார் 400 வகை உணரிகளைக் கொண்டு இப்படித்தான் வேலை செய்கிறது. வீட்டில் மாட்டும் கேஸ் அலாரம் இந்தக் குடும்பத்தின் எளிய பிள்ளை.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். ஆகவே அலாரத்தைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டுங்கள், கூரையருகே வேண்டாம். சென்ட் அடித்தாலும் சில நேரம் ஒலிக்கும். அதற்காகப் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். உணரிக்கும் ஆயுள் உண்டு. பெட்டியில் குறித்த காலம் முடிந்தால் மாற்றுங்கள். கரி அடுப்பின் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு வாடையே இல்லை. அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

அலாரம் ஒலித்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகையில் ஒன்று மாட்ட முடிவு செய்திருக்கிறோம். தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்கும் மாட்டித்தர நினைக்கிறோம். உங்கள் தெருவில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று எங்களிடம் சொல்லுங்கள். கருவி வரும்வரை, போகும்போதும் வரும்போதும் அவர்கள் வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.