தேகப்பயிற்சிச் செயலியும் தனிமுயற்சியும்

(நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், தேகப்பயிற்சிக்குரிய கைப்பேசிச் செயலி ஒன்றைத் தனியொருவராக நின்று இயற்றி, அதனையே தொழிலாக நடத்துவது பற்றியதாகும். தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நீவிர் எண்ணலாம். என்பாற் பயின்ற மாணாக்கர் சிலர் சம்பள உத்தியோகத்தை விட்டு இத்தொழிலிற் புக விழைகின்றனர். அவர்தம் பெற்றோர், "வாத்தியாரையா, நீங்களாவது சொல்லித் தடுக்கலாகாதா?" என்கின்றனர். தடுப்பதற்கோ தூண்டுவதற்கோ முன்னர், இத்தொழிலின் இயல்பை ஆராய்தல் நன்று.

ஓர் உதாரணம் காண்போம். அமெரிக்காவில் மைக் லீ என்பாரும் அவர் மணக்க இருந்த பெண்மணியும், திருமணத்திற்கு முன்னர் உடலெடையைக் குறைக்க விரும்பி ஒரு பயிற்சியாளரை அடுத்தனர். அவர் ஏறக்குறைய 3,000 உணவுகளின் கலோரி அளவு அடங்கிய புத்தகம் ஒன்றைக் கொடுத்து, உண்பனவற்றையெல்லாம் குறித்துவருமாறு பணித்தார். ஒவ்வொரு வேளையும் புத்தகத்தைப் புரட்டிக் கூட்டுவது பெருந்தொல்லையன்றோ? கணிப்பொறிக்கு நிரல் எழுத வல்லவராதலின், மைக் லீ அக்கணக்கைச் செய்துதரும் கருவியைத் தாமே இயற்றினார். 2005ஆம் ஆண்டில் அது மைஃபிட்னஸ்பால் என்னும் பெயருடன் வெளிவந்தது. தமக்கு நேர்ந்த தொல்லையே அவருக்கு வழிகாட்டிற்று.

பின்னர் அவர் உடன்பிறந்தாராகிய ஆல்பர்ட் லீயும் சேர்ந்துகொண்டார். பிறர் முதலை அவர்கள் ஏற்றது 2013ஆம் ஆண்டிலேதான். தொகை 1 கோடியே 80 லட்சம் டாலர். 2015இல் அண்டர் ஆர்மர் என்னும் கம்பெனி அதனை 47 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. நம் இளைஞர் இத்தொகையை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்கின்றனர். பிறர் முதலின்றி நடந்த எட்டு ஆண்டுகளை எண்ணுவார் சிலரே. 2020இல் அதே கம்பெனி அதனை 34 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்றதை அறிவார் அவரினும் சிலர்.

நிற்க. இத்தொழிலின் வாயிற்கூலி மிகச் சிறிது. கூகுள் அங்காடியிற் பதிவு செய்ய ஒருமுறை 25 டாலர். ஆப்பிள் அங்காடிக்கு ஆண்டுதோறும் 99 டாலர். வாயில் எளிதாதலின் புகுவோரும் பலர். பெருஞ்செலவு யாதெனின், வருவாயின்றி உண்டு உடுத்திக் கழிக்கும் மாதங்களேயாம். தாயின் நகையை விற்று அம்மாதங்களைக் கழிக்கத் துணிவோர் இதனை முன்னரே கணக்கிட வேண்டும்.

இனி, தனியொருவர் தொழில் என்கின்றோமே, அது முற்றும் உண்மையோ? மைஃபிட்னஸ்பாலின் உணவுப் பட்டியலிற் பெரும்பகுதி அதனைப் பயன்படுத்துவோரே எழுதிச் சேர்த்தது. ஆகலின் பிழைகளும் புகுந்தன. நம் வீட்டு இட்லியும் அடுத்த வீட்டு இட்லியும் ஓரளவினவோ? நாள் ஒன்றுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்று செயலிகள் கூறுகின்றன. அவ்வெண் 1965இல் ஜப்பானில் யமாசா என்னும் கம்பெனி விற்ற நடையளவுக் கருவியின் பெயரிலிருந்து பரவியது; மருத்துவ ஆராய்ச்சியால் முடிவு செய்யப்பெற்றதன்று. முழங்கால் நோவுடைய மூதாட்டியிடம், "இன்றும் நீ தவறினாய்" என்று கைப்பேசி கூறுமாயின் அவர் மனம் என்படும்! தனியே அறையில் இருந்து ஓர் எண்ணை எழுதுபவன், அது பல்லாயிரவர் உடலிற் சென்று படுவதை மறத்தலாகாது.

இதனினும் பெரியது ஒன்றுண்டு. 2018ஆம் ஆண்டில் மைஃபிட்னஸ்பாலிலிருந்து ஏறக்குறைய 15 கோடிப் பேருடைய பயனர் பெயர், மின்னஞ்சல் முகவரி, மறைகுறியாக்கிய கடவுச்சொல் ஆகியன களவு போயின. அக்காலத்து அது பெருங்கம்பெனியின் உடைமையாக இருந்தது. அத்துணைப் பெரியோர்க்கே இஃது நேருமாயின், தனியொருவன் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! நம் நாட்டிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சிக் காப்பது வேறு. மானத்திற்கு அஞ்சிக் காப்பது வேறு.

நம் முன்னோர் கடை நடத்திய நாளில், ஊரார் தம் பொன்னையும் பணத்தையும் அவரிடம் நம்பி வைத்தனர். வைத்தது குறையாமற் கேட்டபொழுது திருப்பித் தந்தமையால் அன்றோ நம் மரபிற்குப் பெயர் உண்டாயிற்று? ஒருவருடைய எடை, உறக்கம், நாடித்துடிப்பு, ஒரு பெண்ணின் மாதக்கணக்கு ஆகிய இவையும் அடைக்கலப் பொருளே. வேண்டாததைக் கேளாதே, கேட்டதைப் பிறர்க்கு விற்காதே, உடையவர் அழிக்கச் சொன்னால் எச்சமின்றி அழித்துவிடு.

இளைஞர்காள்! இருக்கும் உத்தியோகத்தை உடனே விடாது, மாலைப்பொழுதிற் சிறிதாகத் தொடங்குங்கள். முதலில் நம் சங்கத்தாருள் பத்துப்பேர் கையிற் கொடுத்துக் குறை கேளுங்கள். நிரலை மற்றொருவர் சோதிக்கவும், அறிவுரையை மருத்துவர் ஒருவர் பார்க்கவும் இடங்கொடுங்கள். உழைப்பிற் தனித்திருக்கலாம்; பொறுப்பிற் தனித்திருத்தல் ஆகாது.

பெற்றோர்களே! "எப்பொழுது கோடி வரும்?" என்று மகனைக் கேளாதீர்கள். "உன்னை நம்பினவர் கணக்கு பத்திரமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். அதற்கு நேர் நின்று விடை கூறுவானாயின், அவனைத் தடுக்க வேண்டியதில்லை.