சங்கம் யார் வீட்டில் இருக்கிறது?



ஜொகூரில் குளுவாங், சிகாமாட், மூவார் என எந்த ஊருக்குப் போனாலும் தமிழர்களுக்கு ஏதாவது ஒரு சங்கம் இருக்கும். அதில் பொறுப்பேற்பவர்கள் வேலை முடிந்து வந்து, சொந்தக் காசில் பெட்ரோல் ஊற்றி ஓடுகிறவர்கள். அவர்களிடம் தொண்டுள்ளத்திற்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு சங்கத்தின் செயலாளருக்குப் பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை கிடைக்கிறது; குடும்பத்தோடு போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக் கூட்டக் குறிப்புகள் அவருடைய கணினியில். உறுப்பினர் பட்டியல் அவருடைய கைத்தொலைபேசியில். முகநூல் பக்கத்தின் மறைச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். மறுநாள் அந்தச் சங்கம் எங்கே இருக்கிறது? பெயர்ப் பலகையில் மட்டும்தான்!

இது சிறிய சங்கடமன்று. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் பொறுப்பாளர் பட்டியலும் கணக்கும் சங்கப் பதிவகத்திற்குப் போய்ச் சேர வேண்டும். இன்று அதை இ-ரோசஸ் என்ற இணைய முறையில் அனுப்புகிறார்கள். சட்டத்தை மீறினால் பதிவே ரத்தாகலாம். முப்பது ஆண்டு உழைப்பு ஒரு மறைச்சொல்லோடு போக வேண்டுமா?

மலேசியத் தமிழர்கள் கணினிக்குப் புதியவர்கள் அல்லர். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் 1985லேயே பிறந்துவிட்டது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஆனால் அந்நாளில் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்புகளை இன்று திறந்தால் புரியாத குறியீடுகளாகத் தெரிகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைப்பதும் ஒரு தொண்டுதான். கணினி தெரிந்த இளைஞர்களுக்கு ஏற்ற வேலை அது.

செய்ய வேண்டியவை எளியவை. மின்னஞ்சல் முகவரி தனி மனிதர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். மறைச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். கூட்டக் குறிப்பின் ஒரு பிரதி இணையச் சேமிப்பிலும் இன்னொன்று தனி வட்டிலும் இருக்கட்டும். உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களைப் புலனக் குழுவில் போடும் பழக்கம் நிற்கட்டும். துணைச் செயலாளர் ஓராண்டு கூடவே இருந்து வேலை பழகட்டும். "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று இளைஞர்கள் பதவிக்குத் தயங்குவதும் அதனால் குறையும்.

ஒரு சங்கத்தில் கணக்கு தெரிந்தவர் இருப்பார். இன்னொன்றில் கணினி தெரிந்தவர் இருப்பார். அக்கம்பக்கத்துச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்தால் போதும். கட்டணமில்லாத பயிற்சி அங்கேயே கிடைத்துவிடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்குக்கு உரியவர்களானார்கள். அந்தப் பத்து வெள்ளிக்குப் பின்னால் இருந்தது நம்பிக்கை. யார் கட்டினார், எவ்வளவு கட்டினார் என்ற கணக்குதான் அந்த நம்பிக்கைக்குக் காவல்.

அன்று ஏடு; இன்று கணினி. கருவி மாறலாம், காவல் மாறக் கூடாது. பொறுப்பாளர் வருவார், போவார்; சங்கம் நிற்க வேண்டும்.