ஒன்று செய்வது திறம். ஓராயிரம் செய்வது தொழில்

(கள்ளக்குறிச்சி – கருணாபுரத்தில் இளைஞர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இம்மண்ணில் நின்று பேச எழும் எவனுக்கும் முதலில் நா எழாது. 2024 சூன் திங்களில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த சாராயம் இவ்வூரிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்த பிள்ளைகள் உண்டு. கருணாபுரம் என்னும் பெயரை நாடு அறிந்ததே அந்தச் சாவுகளால்தான். அப்பிள்ளைகள் வளர்ந்து எங்குச் சென்றாலும், ஊர்ப்பெயரைச் சொன்னவுடன் கேட்பவர் முகம் மாறும். அந்த முகமாற்றத்தை மாற்ற வேண்டுமானால் இவ்வூர்ப் பெயரோடு வேறொரு செய்தி சேர வேண்டும். அதற்காகவே, இக்கூட்டத்திற்குச் சற்றும் பொருந்தாததுபோல் தோன்றும் ஒரு பொருளைப் பற்றி இன்று பேச வந்திருக்கின்றேன். சிறு செயற்கைக்கோள் செய்யும் தொழிலே அப்பொருள்.

'கூலிக்கு மூட்டை தூக்குவோரிடம் வானத்துக் கோளைப் பற்றிப் பேசுவதா?' என்று சிலர் நகைக்கலாம். நகைப்பவர்கள் அத்தொழிலின் அளவை அறியாதவர்கள் என்பேன்.

1957 அக்குத்தோபர் 4ஆம் நாள் உருசிய நாட்டார் விண்ணில் விட்ட முதற் செயற்கைக்கோளின் எடை ஏறத்தாழ 84 கிலோ. குறுக்களவு 58 சென்றிமீட்டர். ஓர் ஆள் எடைக்குச் சற்று மிகுந்த உருண்டை, அவ்வளவே! பின்னர்க் கோள்கள் பருத்துக்கொண்டே சென்று, ஓர் அறையளவும் பேருந்தளவும் ஆயின. செலவும் பருத்தது. ஆகலின் பேரரசுகளே அவற்றைச் செய்ய முடியும் என்ற நிலை வந்தது. கணிப்பொறியும் ஒளிப்படக் கருவியும் கைக்குள் அடங்கும் அளவிற்குச் சுருங்கிய பின், அந்நிலை மாறிற்று. 1999இல் அமெரிக்காவின் இரண்டு பல்கலைக்கழக ஆசிரியர்கள், மாணவர்கள் செய்து பழகுவதற்கென்றே ஓர் அளவை வகுத்தனர். பக்கத்திற்குப் பத்துச் சென்றிமீட்டர் கொண்ட கனசதுரப் பெட்டி. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைவிடச் சிறியது. இன்று உலகெங்கும் கல்லூரிகளும் நிறுவனங்களும் இவ்வளவையே அடிப்படையாகக் கொண்டு கோள்களைச் செய்கின்றன.

அப்பெட்டிக்குள் என்ன உள்ளது? அலுமினியச் சட்டம் ஒன்று. அதன் புறத்தே கதிரவன் ஒளியை மின்னாக்கும் தகடுகள். அம்மின்னைச் சேர்த்து வைக்கும் மின்கலம். ஏவல்களை நிறைவேற்றும் சிறு கணிப்பொறி. தரையோடு பேசும் வானலைக் கருவி. பெட்டி கண்டபடி உருளாமல் புவியை நோக்கித் திரும்பி நிற்பதற்குக் காந்தச் சுருளோ சுழலுருளையோ. இவற்றோடு, எந்த வேலைக்காக அனுப்புகின்றோமோ அதற்குரிய கருவி. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான விரைவில் ஓடி, 95 மணித்துளிக்கு ஒருமுறை அது புவியைச் சுற்றி வருகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் கடும் வெயிலையும் கடுங்குளிரையும் தாங்க வேண்டும். ஏவூர்தியில் ஏறும்போது உலுக்கி எடுக்கும் அதிர்வையும் தாங்க வேண்டும். ஒருமுறை மேலே போய்விட்டால் திருப்புளி கொண்டு திருத்தப் போக முடியாது. எனவே அத்தொழிலில் பாதி, செய்வது. மறுபாதி, அதிர வைத்தும் காற்றில்லாக் கலத்துள் காய வைத்தும் உறைய வைத்தும் மீண்டும் மீண்டும் ஆய்ந்து பார்ப்பது. வேண்டுவது பெருஞ்செல்வமன்று, பிழையில்லாத கைவினையும் தளராத பொறுமையுமே என்பதைக் காண்க.

இவையெல்லாம் நம்மால் ஆகுமா என்று கேட்கின்றீர்களா? ஆகியிருக்கின்றதே!

சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் அண்ணா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய அனுசாட் என்னும் 40 கிலோக் கோள், 2009 ஏப்பிரல் 20இல் விண் சென்றது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவான முதற் கோள் அதுவே. 2011இல் எசு.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்களின் 10.9 கிலோக் கோளும், 2016இல் சத்தியபாமா பல்கலைக்கழக மாணவர்களின் ஒன்றரைக் கிலோக் கோளும், 2017இல் குமரி மாவட்டத்து நூருல் இசுலாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோக் கோளும் மேலே சென்றன. கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டி இளைஞர் ரிபாத் சாரூக்கும் தோழர்களும் செய்த 64 கிராம் பெட்டி, 2017 சூனில் அமெரிக்க ஏவூர்தியில் சிறுபொழுது விண்ணைத் தொட்டுத் திரும்பியது. நாட்டின் அரசுப் பள்ளிகள் 75இலிருந்து 750 மாணவியர் பங்கு கொள்ளச் சென்னைக் குழுவொன்று உருவாக்கிய கோள், 2022 ஆகத்து 7இல் ஏவூர்திக் குறையால் வீணாயிற்று. அவர்கள் அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. ஆறு திங்களில் அடுத்ததைச் செய்து 2023 பிப்பிரவரி 10இல் சுற்றுப்பாதையில் நிறுத்தினர்.

நமக்கு அண்டையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உளது. 2023 ஆகத்து 23இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் தொடர்வண்டித்துறை ஊழியர் ஒருவரின் மகன். அவ்வூரிலேயே பல்தொழில் பயிலகத்தில் பட்டயம் பயின்றவர். கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாகும்வரை நாமும் விழுப்புரத்தாரே என்பதை மறவாதீர்.

இதுவரை பெருமை பேசினேன். இனிக் குறை பேச வேண்டும். பெருமையை மட்டும் பேசிக் கலைவது நம் இனத்தின் பழைய நோய்.

நான் எண்ணிச் சொன்ன கோள்களைத் திரும்பப் பாருங்கள். ஒரு கல்லூரி, ஒரு கோள். ஒரு விழா, ஒரு படம். அதன்பின்? செய்த மாணவர் பட்டம் பெற்றுப் பெங்களூருக்கோ கடல் கடந்தோ சென்றுவிடுகின்றார். அவர் கற்ற நுட்பம் அவரோடு போய்விடுகின்றது. அடுத்து வரும் மாணவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்குகின்றார். ஒன்று செய்வது திறம். ஓராயிரம் செய்வதே தொழில். திறம் நம்மிடம் உளது. தொழிலோ இன்னும் வேர் கொள்ளவில்லை.

இங்கிலாந்தில் சர்ரே என்னுமிடத்துப் பல்கலைக்கழகம் 1981இல் ஒரு சிறு கோளைச் செய்தது. நம் கல்லூரிகளைப் போன்றே ஆசிரியரும் மாணவரும் கடையில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு செய்தது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1985இல் நூறு பவுண்டு முதலோடு நான்கு பேர் ஒரு நிறுவனம் தொடங்கினர். பின்னாளில் பல நாட்டு அரசுகள் அந்நிறுவனத்திடம் கோள் வாங்கின. 2017 பிப்பிரவரி 15இல் இந்திய ஏவூர்தி ஒரே முறையில் 104 கோள்களை ஏற்றிச் சென்றதைக் கேட்டிருப்பீர்கள். அவற்றுள் 88 ஓர் அமெரிக்க நிறுவனத்திற்கே உரியவை. ஏற்றிச் சென்ற கூலி நமக்கு; அவை எடுத்த படங்களை உலகிற்கு விற்ற வருவாய் அவர்களுக்கு.

சிறு கோள்களில் வாணிகத்திற்கேற்ற ஓர் இயல்பு உளது. தாழ்ந்த பாதையில் ஓடுவதால் மெல்லிய காற்றின் தடையாலேயே சில ஆண்டுகளில் இறங்கி எரிந்துவிடும். ஆகலின் ஒரு முறை வாங்கியவர் மீண்டும் வாங்கியாக வேண்டும். பானை உடைய உடையக் குயவர் சூளை அணையாதிருப்பது போன்றது இது. ஆனால், சூளையை மூட்டுவதற்கு முன் பானை வாங்குவோர் வேண்டுமன்றோ? இத்தொழிலின் முடிச்சு இங்கேதான் கிடக்கின்றது. நம் கல்லூரிகள் கோளைச் செய்தன, வாங்குவாரைத் தேடவில்லை.

வாங்குவார் எங்குள்ளனர்? நம் எதிரிலேயே உள்ளனர். மேற்கே கல்வராயன் மலையைப் பாருங்கள். கோடையில் அங்குக் காட்டுத்தீ எழுந்தால் புகை அடிவாரத்திற்கு வந்த பின்னரே நாம் அறிகின்றோம். கோமுகி அணையில் எவ்வளவு நீர் பரந்துள்ளது, எந்த வயலில் கரும்பு வாடுகின்றது, எந்தச் சரிவில் மண் பெயர்கின்றது என்பனவற்றையெல்லாம் மேலிருந்து காணலாம். வனத்துறையும் பாசனத்துறையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் இவ்வறிவிற்குச் செலவிட வேண்டியவையே. இத்துறைகள் ஒன்றுகூடி, 'இத்தனை ஆண்டுகளுக்கு இத்தகைய படங்களை வாங்குவோம்' என்று தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் அளித்தால், அந்த உறுதியை நம்பி முதல் போடுவோர் வருவர். அரசின் நன்கொடை ஒரு கோளைச் செய்யும். அரசின் கொள்முதலோ ஒரு தொழிலையே செய்யும் என்க.

காலமும் கனிந்துள்ளது. விண்வெளித் தொழிலை நடுவணரசு 2020இல் தனியார்க்குத் திறந்துவிட்டது. 2024 பிப்பிரவரி 28இல் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் சிறு ஏவூர்தித் தளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆந்திரக் கடற்கரைத் தளத்திலிருந்து தெற்கு நோக்கி விடும் ஏவூர்தி, இலங்கைக்கு மேல் பறவாதிருக்க வளைந்து செல்ல வேண்டும். அவ்வளைவில் எரிபொருள் வீணாகும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே செல்லலாம். 2025இல் தமிழ்நாட்டரசு விண்வெளித் தொழிற்கொள்கை வகுத்து, ஐந்தாண்டுகளில் பத்தாயிரம் கோடி உருபா முதலீட்டையும் பத்தாயிரம் பேர்க்கு வேலையையும் இலக்காகச் சொல்லியுள்ளது.

மகிழத்தக்கதே. எனினும் விழிப்பு வேண்டும். 2024இல் நடுவணரசு வகுத்த விதிப்படி, கோள் செய்யும் தொழிலில் 74 விழுக்காடு வரையிலும், உறுப்புகள் செய்யும் தொழிலில் 100 விழுக்காடும் வெளிநாட்டு முதல் முன்னிசைவின்றியே நுழையலாம். அயலார் முதல், அயலார் வரைபடம், அயலார் வாணிகம். நமக்கு வாயிற்காவலும் திருகாணி முடுக்கும் கூலியுமென்றால், பத்தாயிரம் வேலை வந்தும் தொழில் நம்முடையதாகாது. வரைபடம் நம்மிடம் இருக்க வேண்டும். பழுது ஏன் நேர்ந்தது என்ற அறிவு நம்மிடம் தங்க வேண்டும்.

அறிவு எங்ஙனம் தங்கும்? மொழியில்தான் தங்கும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சிற்பியின் மகன் உளியைப் பிடிக்குமுன் உளியின் பெயரைத் தந்தையின் வாயால் கேட்கின்றான். அளவும் பதமும் தாய்மொழியிலேயே கைக்கு இறங்குகின்றன. அதனாலேயே அக்கலை தலைமுறை தாண்டி நிற்கின்றது. கோள் செய்யும் நுட்பமோ ஆங்கில ஏட்டில் கிடக்கின்றது. அதைக் கற்றவன் ஊரை விட்டு அகல்கின்றான். ஊரில் இருப்பவனுக்கு அது எட்டுவதில்லை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் பயிற்றத் தொடங்கியது. நற்றொடக்கம், ஆனால் கோளுக்கு உயிரான மின்னணுவியலும் தமிழில் வர வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தான் செய்த கோளின் கதையை, வென்றதையும் தோற்றதையும், தமிழில் எழுதி வைக்கட்டும். தொழிற்பயிலகத்தில் படிக்கும் பிள்ளை அதைப் படித்துத் தன் கையால் செய்து பார்க்கட்டும். ஆங்கிலம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அது வாயிற்கதவாக நின்று நம் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம் என்கின்றேன்.

'நாங்கள் நாளைக் காலை என்ன செய்வது?' என்று இளைஞர்கள் கேட்பீர்கள். நாளையே கோள் செய்ய வேண்டா. முதலில் கேட்கப் பழகுங்கள். ஆர்வலர் வானொலியினர்க்கென விண்ணில் சுற்றும் சிறு கோள்கள் பல உள. உரிமம் பெற்ற ஓர் ஆர்வலரைத் துணைக்கொண்டு, எளிய கம்பிகளால் அலைவாங்கி ஒன்றைச் செய்து, பள்ளி மாடியில் நின்று அவற்றின் ஒலியைப் பிடியுங்கள். எப்பொழுது எத்திசையில் எழும் என்று கணக்கிடுங்கள். அதைத் தமிழில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளை அக்குறிப்பிலிருந்து தொடங்கட்டும். தொழிலின் முதல் விதை அக்குறிப்பேடே.

இந்தியாவின் முதற் கோளான ஆரியபட்டா, பெங்களூர்ப் பீனியாவில் கொட்டகைகளில் உருவாகி, 1975இல் விண் சென்றது. 1981இல் ஏவப்பட்ட ஆப்பிள் என்னும் கோளை, ஆய்விற்காக மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்தினர். கொட்டகையும் மாட்டுவண்டியும் நம்மிடம் இல்லாதனவா?

தாய்மார்களே! பெற்றோரை இழந்த பிள்ளைகள் உங்கள் தெருவில் வளர்கின்றனர். அவர்கட்குச் சோறிட்டதோடு நம் கடன் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டா. அப்பிள்ளை ஒருத்தி ஒருநாள் மாடியில் நின்று, மலைக்கு மேல் எழும் கோளொன்றின் ஒலியைப் பிடித்து, 'இதன் உறுப்பொன்றை நான் செய்தேன்' என்று சொல்ல வேண்டும். அன்று கருணாபுரம் என்னும் பெயரைக் கேட்போர் முகம் மாறும், வியப்பால் மாறும்.

அதற்குரிய வினையை இன்றே தொடங்குக என்று கேட்டு அமைகின்றேன்.