எட்டே மாதத்தில் ஏன் விற்கிறார்?

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் ஒரு வீடு விலைக்கு வருகிறது. வாசலில் நின்றால் மலை தெரிகிறது, விலையும் படிகிறது. ஆனால், விற்பவர் வாங்கியே எட்டு மாதம்தான் ஆகிறதாம். வாங்கலாமா?

கிரயம் பண்ணும்போது முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று 9 சதவீதம் கட்டியிருப்பார். 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் குறுகிய கால ஆதாயக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்படியும் விற்கிறார் என்றால் காரணம் இருக்கும். மருத்துவச் செலவாக இருக்கலாம், வேலை மாற்றமாக இருக்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருட வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நிலுவையிலுள்ள வழக்கு அதில் தெரியாமல் போகலாம்; அதனால் தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கோயில் நிலமா, ஏரிப் புறம்போக்கா என்பதை ‘அ’ பதிவேட்டில் சரிபாருங்கள். கோயில் ஊரில் இதை விடவே கூடாது.

இன்னொன்று, பத்திரத்தில் இல்லாதது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. மனசு ஆறவில்லை. ஆகவே வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பின்சுவருக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருக்கிறதா? அடியில் ஈரக்கறை தெரிகிறதா? மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

இத்தனையும் பார்த்து முடிக்கும்வரை, தயவுசெய்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.