‘குணமாகிவிட்டது’ என்ற பின்



மருத்துவப் பொருளொன்றை மொழி மன்றத்தில் பேசுவானேன் என்னும் வினா எழலாம். நோயைப் பற்றி நாம் வழங்கும் சொற்கள், நோயுற்றவர் அடுத்து என்ன செய்வார் என்பதையும் முடிவு செய்கின்றன. அத்தகைய சொற்கள் இரண்டை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது ‘குணமாகிவிட்டது’. இதிலுள்ள ‘விடு’ என்னும் துணைவினை, செயல் முற்றுப்பெற்றதை உணர்த்தும். வளம் மிக்க நாடுகளில், புற்றுநோய் கண்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் இன்று ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். பெற்றோர் அச்சொல்லைச் சொல்லி மகிழ்வது இயல்பே. ஆனால், சிகிச்சையின் தாக்கம் அங்கே முற்றுப்பெறுவதில்லை.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் ஏறத்தாழ 10 முதல் 20 இலட்சம் சினைமுட்டைகள் உள்ளன. அவை பின்னர்க் குறையுமேயன்றிக் கூடுவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு, பியூசல்பான் முதலிய மருந்துகள், அளவு மிகுந்தால், அவ்விருப்பைப் பெரிதும் அழிக்கும். அடிவயிற்றில் செலுத்தும் கதிர்வீச்சு கருப்பையின் வளர்ச்சியையும் தடுக்கும்; பின்னாளில் கருச்சிதைவும் குறைமாதப் பேறும் நேரும் வாய்ப்பு மிகும். சிலர் தாமாகப் பூப்பெய்துவதில்லை. வேறு சிலர் உரிய வயதில் பூப்பெய்தியும், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோவதைக் காண்கின்றனர். ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று காத்திருந்து காலத்தை இழப்பவர் இவர்களே. இவை ‘பக்கவிளைவு’ அல்ல; காலம் கடந்து வரும் ‘பின்விளைவு’.

இரண்டாவது சொல் ‘மலடி’. ‘மலடன்’ என்பது அகராதியில் உண்டு, பேச்சில் அரிது. பழி பெண்ணுக்கே என்பதை வழக்கே காட்டிவிடுகிறது. மேலும், இச்சொல்லில் அளவு இல்லை. தீர்ப்பு மட்டுமே உண்டு. ‘கருவளக் குறைவு’ என்னும்போதோ, அளவிடலாம், காக்கலாம் என்னும் பொருள் பிறக்கிறது. பூப்பெய்திய பெண்ணின் சினைமுட்டைகளைச் சிகிச்சைக்கு முன்பே உறைநிலையில் சேமிக்கலாம். பூப்பெய்தாச் சிறுமிக்குச் சினைப்பைத் திசுவை எடுத்துச் சேமிக்கும் வழி உண்டு. அவ்வாறு சேமித்த திசுவை மீண்டும் பொருத்திய பெண்ணொருவர் 2004இல் பெல்ஜியத்தில் மகப்பேறு அடைந்தார். இயல்பாகவே கருவுறுவோரும் பலர். அவர்தம் பிள்ளைகளுக்குச் சிகிச்சையின் காரணமாகப் பிறவிக் குறைபாடு மிகுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

மணப்பேச்சுக்கு இடையூறாகும் என்றஞ்சி, பழைய நோயை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஊருக்கு மறைப்பது அவரவர் உரிமை. மகளுக்கே மறைப்பது தகாது. தான் பெற்ற மருந்துகளின் பெயரும் அளவும், கதிர்வீச்சு செலுத்திய இடமும் எழுதிய தாள், வளர்ந்த பெண்ணின் கையில் இருத்தல் வேண்டும். அதைக் கொண்டே மருத்துவர் அவருக்கு உரிய சோதனைகளைச் செய்ய இயலும்.

ஆசிரியர்களே, ‘சினைப்பை’, ‘கருவளம்’, ‘பின்விளைவு’ ஆகிய சொற்களை வகுப்பறையில் கூச்சமின்றி வழங்குங்கள். சொல் தெரிந்த பெண்ணே மருத்துவரிடம் வினா எழுப்புவாள்.