சாய்தளம் வரைந்த மாணவி: பி.ஆர்க். படிப்பும் நம் வழிகாட்டுதலும்

(உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பயிற்சியில், அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலைக் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கட்டடக்கலைப் பட்டப்படிப்பு பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கட்டடக்கலை படித்தவன் அல்லன். ஆனாலும் பேச ஒரு காரணம் உண்டு. நான் செய்த பிழைதான் அந்தக் காரணம்.

எங்கள் பள்ளியில் ஒரு மாணவி. அவள் அறிவியல் பதிவேட்டில் வரையும் படங்களை மற்ற வகுப்புகளுக்கு எடுத்துச் சென்று காட்டுவோம். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும், “எந்த குரூப் சார் எடுக்கட்டும்?” என்று என்னிடம் கேட்டாள். “நீதான் நல்லாப் படம் வரையிறியே, பியூர் சயின்ஸ் எடும்மா. பாட்டனி, ஜுவாலஜி ரெண்டுலயும் நல்ல மார்க் வரும்” என்றேன். கணிதத்தில் அவள் 80-க்கு மேல் எடுத்திருந்தாள். கணித ஆசிரியரான நானே அவளைக் கணிதத்திலிருந்து விலக்கி அனுப்பினேன்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டில், சக்கர நாற்காலியில் வரும் மாணவன் ஒருவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். வகுப்பறை வராந்தாவுக்கு ஏறச் சாய்தளம் இருந்தது. ஆனால் பின்னால் இரண்டு பேர் தள்ளினால்தான் நாற்காலி ஏறும். ஒருநாள் அந்த மாணவி தன் ரஃப் நோட்டை நீட்டினாள். தரையிலிருந்து வராந்தாவின் உயரம் 45 செ.மீ., சாய்தளத்தின் நீளம் 2 மீட்டர் என்று அளந்து எழுதியிருந்தாள். “இடம் பத்தலைன்னுதான் சார் குட்டையாக் கட்டிட்டாங்க. பாதியில திருப்பி விட்டா நீளமாக் கட்டலாம்” என்று சொல்லி, திரும்பும் இடத்தில் சிறு சமதளத்தோடு வரைந்தும் காட்டினாள்.

அன்று சான்றிதழ் வாங்க வந்திருந்த எங்கள் பழைய மாணவர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தார். அவர் பி.ஆர்க். மூன்றாம் ஆண்டு படிப்பவர். “1-க்கு 12 என்பதுதான் சார் கணக்கு. 45 செ.மீ. ஏற 540 செ.மீ. நீளம் வேணும். இந்தப் பொண்ணு போட்டிருக்கிறது கிட்டத்தட்ட அதுதான். எந்த குரூப்?” என்றார். சொன்னேன். “அடடா, மேத்ஸ் இல்லாம பி.ஆர்க். சேர முடியாதே சார்” என்றார். மாணவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இன்று அவள் தாவரவியல் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். என்மீது அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இப்படி ஒரு படிப்பு இருப்பது தெரிந்து அவள் அதை விடவில்லை, தெரியாமலே விட்டாள். எனக்கும் தெரியாததே அதற்குக் காரணம்.

பிறகுதான் விசாரித்தேன். ஒரு கல்லூரிக்கு நேரில் சென்றும் பார்த்தேன். அறிந்ததைச் சொல்கிறேன்.

‘ஆர்க்கிடெக்டும் சிவில் இன்ஜினியரும் ஒன்றுதானே?’ என்று பெற்றோர் கேட்பார்கள். கட்டடம் பாரம் தாங்கி உறுதியாக நிற்பதற்குக் கணக்கிடுவது பொறியாளர் பணி. அந்தக் கட்டடத்தில் யார் புழங்கப் போகிறார்கள், வெளிச்சமும் காற்றும் எந்தப் பக்கமிருந்து வரவேண்டும், மேற்கு வெயிலை எப்படித் தடுப்பது, முதியவர் எப்படி ஏறி இறங்குவார் என்று எண்ணி வடிவமைப்பது கட்டடக்கலை வல்லுநர் பணி. இருவரும் சேர்ந்தே ஒரு நல்ல கட்டடத்தை உருவாக்குகிறார்கள்.

வசதியானவர்களுக்குப் பங்களா வரையும் தொழில் என்ற எண்ணமும் உண்டு. 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற பி.வி. தோஷியே அப்பரிசைப் பெற்ற முதல் இந்தியர். இந்தூரில் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்காக அவர் அமைத்த ஆரண்யா குடியிருப்பு உலக அளவில் பேசப்படுகிறது. சிறிய மனையில் அடிப்படை வசதிகளோடு தொடங்கி, கையில் பணம் சேரச்சேரக் குடும்பமே வீட்டை வளர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர், செங்கல்லையும் சிமெண்டையும் மிச்சப்படுத்திச் சிக்கனமாகக் கட்டும் முறைகளுக்காகவே புகழ்பெற்றவர்.

பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. நான் சென்ற கல்லூரியில் வரிசையாகப் பெஞ்சுகள் போட்ட வகுப்பறையை எதிர்பார்த்தேன். பெரிய மேசைகள் போட்ட ஒரு கூடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அதை ‘ஸ்டுடியோ’ என்கிறார்கள். ஒருத்தி அட்டையை வெட்டி மாதிரி செய்துகொண்டிருந்தாள். இன்னொருவர் ஒரு பழைய முற்றம் வைத்த வீட்டை அளந்து வந்து வரைபடமாக்கிக்கொண்டிருந்தார். தாம் வடிவமைத்ததை ஆசிரியர் குழுவின் முன் நின்று ஒவ்வொருவரும் விளக்க வேண்டும். ‘இந்தச் சன்னல் ஏன் இங்கே?’ என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இதோடு கட்டுமானப் பொருள்கள், கட்டமைப்பியல், தட்பவெப்பம், கட்டடக்கலை வரலாறு ஆகியவையும் பாடங்கள். ஓர் அலுவலகத்தில் நேரடிப் பயிற்சியும் உண்டு.

இனி, நாம் மறக்கக் கூடாதவை.

முதலாவது, பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் இருக்க வேண்டும். எனவே இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டிய காலம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளே. பன்னிரண்டாம் வகுப்பில் சொல்வது காலங்கடந்த யோசனை.

இரண்டாவது, நாட்டா என்னும் திறனறித் தேர்வு. கட்டடக்கலைக் கழகம் நடத்துவது. இதில் வரைதலும் உண்டு. வடிவங்களை மனக்கண்ணால் புரட்டிப் பார்க்கும் வினாக்களும் உண்டு. ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதலாம். நம் மாநிலக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்தே தரவரிசை. பொறியியலுக்கு விண்ணப்பித்தால் இதற்கும் சேர்த்தாகிவிட்டது என்று பிள்ளைகள் இருந்துவிடுகிறார்கள்; இதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வோராண்டு அறிவிக்கையையும் நாமே ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

மூன்றாவது, கல்லூரி கட்டடக்கலைக் கழகத்தின் ஒப்புதல் பெற்றதா என்று பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கழகத்தில் பதிவு செய்தவரே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று தம்மைச் சொல்லிக்கொள்ள முடியும்.

நான்காவது, செலவு. கட்டணம் தவிர வரைதாள், மாதிரிப் பொருள்கள், அச்செடுப்பு, களப்பயணம் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். இரவு கண் விழிக்க வேண்டியிருக்கும். படித்து முடித்ததும் கிடைக்கும் முதற்சம்பளம் பெரிதாக இருப்பதில்லை. இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் உள்ள 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டையும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாத உதவித்தொகை 1,000 ரூபாயையும் சொல்லுங்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், ‘இதில் எங்களுக்கு என்ன வேலை?’ என்று நினைக்கலாம். வகுப்பறையைக் காலடியால் அளந்து தாளில் வரையச் சொல்லுங்கள். மதியம் இரண்டு மணிக்கு எந்தச் சன்னல் வழியாக வெயில் விழுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். நடுநிலை வகுப்புகளில் விகிதம் நடத்தும்போது, பள்ளிச் சாய்தளத்தை அளந்து 1-க்கு 12 இருக்கிறதா என்று கணக்கிடச் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒரு டேப்தான். விகிதமும் புரியும், எந்தப் பிள்ளைக்கு இதில் கண் ஓடுகிறது என்று உங்களுக்கும் தெரியும்.

எங்கள் சாய்தளம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்த ரஃப் நோட்டை வைத்தோம். கொத்தனார் அதைப் பார்த்தே நூல் பிடித்தார். இப்போது அந்த மாணவன் யாரும் தள்ளாமல் தானே ஏறி வகுப்புக்குப் போகிறான். வரைந்து கொடுத்தவளுக்குத்தான் அந்தப் படிப்பு கிடைக்கவில்லை.

இந்த ஆண்டு எங்கள் பத்தாம் வகுப்பில் நன்றாக வரையும் பிள்ளைகள் மூவர் இருக்கிறார்கள். குரூப் பற்றிப் பேசும் முன் அவர்களுடைய நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். உங்கள் பள்ளியிலும் இருப்பார்கள், பாருங்கள்.