பேரும் ஆளும் பொருந்தும் வரை

1761 ஜனவரி 14-ஆம் தேதி பானிபட் களத்தில் அகமது ஷா அப்தாலியிடம் மராட்டியப் படை தோற்றது. படையை நடத்திச் சென்ற சதாசிவராவ் பாவு, பேஷ்வா நானாசாகேபின் சிற்றப்பா மகன். தோல்வி உறுதியான வேளையில் அவர் குதிரையேறிக் கைகலப்புக்குள் புகுந்தார். அதற்குப் பிறகு அவரை உயிரோடு பார்த்தேன் என்று அடித்துச் சொல்ல ஆள் இல்லை. பேஷ்வாக்களின் தலைநகரான புனேயில் ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடந்த 'ஆளைக் காணோம்' வழக்கு அவருடையது. இன்று ஒரு காவல் நிலையத்தில் நடக்கும் விசாரணையின் எல்லாச் சிக்கல்களும் அந்த வழக்கிலேயே இருந்தன.

உடல் கிடைக்காமல் இல்லை. அப்தாலியின் பக்கம் நின்ற அவத் நவாப் ஷுஜா உத்தௌலாவிடம் காசிராஜ் பண்டிட் என்பவர் பணியில் இருந்தார். போரைப் பற்றி அவர் பாரசீக மொழியில் எழுதி வைத்த குறிப்பில் அந்தத் தேடல் விவரமாக இருக்கிறது. களத்தில் தலையில்லாத ஓர் உடல் கிடந்தது. அதன் அடியில் விலையுயர்ந்த மூன்று முத்துகள் இருந்தன. தொடையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கருப்பு மறு. முதுகில் முன்பு ஒருவன் கொல்ல முயன்றபோது பட்ட கட்டாரித் தழும்பு. பாதத்தில் சோதிடர்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லும் ரேகை. பாவுவை அறிந்தவர்கள் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, உடல் அவருடையதே என்றார்கள். தலை பிறகு ஒரு சிப்பாயிடமிருந்து மீட்கப்பட்டு எரியூட்டப்பட்டது. இன்றைய பிரேத விசாரணை அறிக்கையில் எழுதப்படும் அடையாளங்களும் ஏறக்குறைய இதே வகைதான்.

ஆனால் இது நடந்தது எதிரியின் பாசறையில், புனேயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். வீட்டார் யாரும் உடலைப் பார்க்கவில்லை. பாவுவின் மனைவி பார்வதிபாய் கணவரோடு வடக்கே போய், தோல்விக்குப் பின் உயிர் தப்பித் திரும்பியவர். கணவர் இறந்ததை அவர் ஏற்கவே இல்லை. விதவைக் கோலம் பூணாமலே 1783-இல் காலமானார். அவருடைய நம்பிக்கையைப் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. பானிபட்டில் சிதறிய பல்லாயிரம் பேரில் சிலர் கைதிகளாக இருந்து, காடு மலை அலைந்து, மாதங்கள் கழித்து வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். இறந்தவர் பட்டியல் என்று எதுவும் இல்லாத ஊரில் யாரும் எப்போது வேண்டுமானாலும் வாசலில் வந்து நிற்கலாம்.

அப்படி ஒருவன் வந்தும் நின்றான். கன்னோஜியப் பிராமணனான அவன் பெயர் சுகநிதான் என்று பதிவாகியிருக்கிறது. உருவத்தில் பாவுவைப் போலிருந்த அவன், தானே பாவு என்று சொல்லி வடக்கே ஆள் சேர்த்தான். 1760-களின் நடுவில் அவனைப் பிடித்துப் புனேக்குக் கொண்டுவந்தார்கள். அப்போதைய பேஷ்வா முதலாம் மாதவராவ், பாவுவோடு பழகியவர்களை அழைத்து விசாரணை நடத்தினார். ஆள் போலி என்று முடிவானது. அவனைக் கொன்றுவிடாமல் கோட்டைச் சிறையில் வைத்தார்கள்.

1776-இல் அவன் மறுபடி வெளியே வந்தான். ரத்னகிரிக் கோட்டைப் பொறுப்பாளர் ராமச்சந்திர நாயக் பராஞ்பே அவனை விடுவித்து, பாவு சாகேப் என்று அறிவித்தார். கொங்கணக் கோட்டைகள் சில அவன் கைக்குப் போயின. ஆயிரக்கணக்கில் ஆட்கள் திரண்டார்கள். நேரமும் அவனுக்கு வாய்ப்பாக இருந்தது. பேஷ்வா பட்டத்தில் இருந்த சவாய் மாதவராவ் இரண்டு வயதுக் குழந்தை. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் உயிரோடு திரும்பினால் ஆட்சியே கைமாறும். நிர்வாகத்தை நடத்திய நானா பட்னவீஸ் பானிபட்டிலிருந்து தப்பி வந்தவர். அந்த ஓட்டத்தில் தன் தாயைப் பறிகொடுத்தவர். காணாமல் போனவரின் வீட்டில் நிலவும் ஏக்கம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அதை ஒருவன் எப்படிப் பயன்படுத்திக்கொள்வான் என்பதும் தெரிந்திருந்தது. படை அனுப்பி ஆளைப் பிடித்தார்கள். புனேயில் மறுபடி விசாரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மரண தண்டனை நிறைவேறியது. 'தோதயா' என்ற பெயரில் மராத்தி மக்கள் நினைவில் நிலைத்துவிட்ட அவனை வைத்து, 'கேசரி' ஆசிரியராக இருந்த ந.சி. கேளகர் பின்னாளில் நாடகமே எழுதினார்.

ரகசியமாகத் தீர்த்துவிடக்கூடிய ஒரு கைதியை இரண்டு முறை சபை கூட்டி விசாரித்ததற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். காணாமல் போனவர் வழக்கில் அதிகாரிக்கு உண்மை தெரிந்தால் மட்டும் போதாது. ஊருக்கும் அது ஐயமில்லாமல் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு மூடாது. வங்காளத்தின் பாவல் சந்நியாசி வழக்கு இதற்கு எதிர்த்திசையில் போய் அதே இடத்துக்கு வந்தது. பாவல் ஜமீனின் இரண்டாம் குமாரர் 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்து எரியூட்டப்பட்டதாக எல்லோரும் நம்பினார்கள். 1921-இல் டாக்காவில் தோன்றிய சாமியார் ஒருவரை அவர்தான் என்று ஜமீன் குடிகள் ஏற்றுக்கொண்டார்கள், மனைவி மறுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, வண்டிச் சக்கரம் பட்ட பழைய தழும்பு உட்பட உடலின் அடையாளங்களை ஒப்பிட்டு, 1936-இல் நீதிபதி பன்னாலால் பாசு சாமியார் பக்கம் தீர்ப்பளித்தார். லண்டன் பிரிவி கவுன்சில் அதை உறுதி செய்தது 1946-இல். அடுத்த சில நாளில் சாமியார் இறந்துபோனார்.

விடுதலைக்குப் பிந்தைய புனேயை உலுக்கிய வழக்கும் 'காணவில்லை' என்றுதான் தொடங்கியது. 1976 ஜனவரியில் உணவக உரிமையாளர் ஒருவரின் மகன், கல்லூரி மாணவர், வீடு திரும்பவில்லை. அவரோடு படித்த நண்பர்களே அவரைக் கடத்தி, பணம் கேட்டுக் கடிதம் எழுத வைத்துக் கொன்றிருந்தார்கள். உடலை இரும்புப் பீப்பாயில் அடைத்துச் சாரஸ் பாக் அருகே பேஷ்வே பூங்கா ஏரியில் மூழ்கடித்துவிட்டார்கள். உடல் இல்லை, களம் இல்லை, சாட்சி இல்லை. காணாமல் போனவர் கோப்பாகவே அது ஓராண்டுக்கு மேல் கிடந்தது. அதே கும்பல் 1976 அக்டோபர் கடைசியில் ஜோஷி குடும்பத்தையும் டிசம்பர் தொடக்கத்தில் அப்யங்கர் குடும்பத்தையும் கொன்றபோது, இருட்டியதும் தெருக்கள் வெறிச்சோடும் அளவுக்கு நகரம் அஞ்சியது. ஆனால் இந்தக் கொலைகளையும் காணாமல் போன மாணவரையும் இணைத்துப் பார்க்க அப்போது ஒரு நூலிழையும் கிடைக்கவில்லை. 1977 மார்ச்சில் இன்னோர் இளைஞரின் உடல் ஆற்றில் மிதந்த பிறகே கும்பல் சிக்கியது. உடன் படித்த ஒருவர் வாய் திறக்க, ஏரியிலிருந்து பீப்பாய் மேலே வந்தது. நால்வர் 1983 நவம்பர் 27-ஆம் தேதி எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். பத்துக் கொலைகளில் முதலாவது, கடைசியாகத்தான் கொலை என்று தெரியவந்தது.

இன்றைய நடைமுறையைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பது அது. சட்டத்தில் அப்படி எந்த விதியும் இல்லை. புனேயில் பக்கத்துப் போலீஸ் சௌக்கியிலோ காவல் நிலையத்திலோ உடனே சொல்லலாம். 18 வயது நிரம்பாதவர் என்றால் எஃப்ஐஆர் கட்டாயம். 'பச்பன் பசாவோ ஆந்தோலன்' தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் அப்படி உத்தரவிட்டது. குழந்தை கடத்தப்பட்டதாகவே முதலில் கருத வேண்டும் என்றும் சொன்னது. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் விசாரணை ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். வயது வந்தவர் விஷயம் வேறு. வீட்டை விட்டுப் போவது குற்றமல்ல என்பதால் 'மிஸ்ஸிங்' பதிவேட்டில் ஒரு பதிவோடு வேலை தொடங்குகிறது. குற்றத்தின் சாயல் தெரிந்தால்தான் எஃப்ஐஆர்.

அந்தப் பதிவில் உயரம், நிறம், உடை, அடையாளம் எல்லாம் கேட்கப்படும். ஐந்தரை அடி, மாநிறம், நீலச் சட்டை என்று எழுதினால் லட்சுமி சாலையில் மாலை நேரத்தில் பாதிப் பேர் பொருந்துவார்கள். உண்மையில் உதவுவது சட்டைக் காலரில் தையற்காரர் வைத்துத் தைத்த பெயர்ப் பட்டை, சலவைக்காரர் இட்ட குறி, அடைத்த பல், அறுவைத் தழும்பு, முன்கையில் பச்சை குத்திய பெயர். பதற்றத்தில் இருக்கும் வீட்டார் இவற்றைத் தாமாகச் சொல்வது அரிது. கேட்டு வாங்கும் காவலர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

அடுத்த தடை எல்லைக்கோடு. புனேப் பகுதியில் நகரக் காவல், பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆணையரகம், புனே ஊரகக் காவல், ரயில்வே காவல் என்று நான்கு தனித்தனி அமைப்புகள். சிஞ்ச்வட்டில் காணாமல் போனவர் தண்டவாளத்தில் இறந்து கிடந்தால், ஆளைத் தேடும் பதிவு ஓர் அமைப்பிடமும் பெயர் தெரியாத உடலின் பதிவு வேறோர் அமைப்பிடமும் இருக்கும். உடல் சசூன் மருத்துவமனைச் சவக்கிடங்குக்கு வரும். அடையாளம் காண யாரும் வராவிட்டால், சில நாளுக்குப் பின் இறுதிச் சடங்கை அரசே செய்யும். தேடுகிறவரும் தேடப்படுகிறவரும் ஒரே நகரத்தில் இருந்தும் சந்திக்காமல் போவது இப்படித்தான். தீராத வழக்குகள் பலவற்றில் துப்பறியும் திறமைக்கு வேலையே இல்லை. இரண்டு பதிவேடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காததே குறை.

பொதுமக்களின் பங்கு இந்த இடத்தில்தான் வருகிறது. பத்திரிகையின் 'காணவில்லை' விளம்பரம், தூர்தர்ஷன் அறிவிப்பு, கணபதி விசர்ஜன ஊர்வலத்தில் குழந்தையின் பெயரை மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லும் உதவி மையம் எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன. காணாமல் போனவரின் படத்தை ஊடகங்களில் வெளியிடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2002-இலேயே வழிகாட்டியிருக்கிறது. குழந்தைகளுக்காக 'டிராக் சைல்டு' தளமும், பொதுமக்களே பதிவு செய்யக்கூடிய 'கோயா-பாயா' தளமும் வந்தன. காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளையும் தேடப்படும் குழந்தைகளையும் முகம் பொருத்தும் மென்பொருளால் ஒப்பிட்ட டெல்லி காவல்துறை, 2018 ஏப்ரலில் நான்கே நாளில் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான குழந்தைகளை அடையாளம் கண்டது. அந்தக் குழந்தைகள் ஒளிந்திருக்கவில்லை. அரசுப் பதிவேட்டில்தான் இருந்தார்கள்.

படம் பரப்புவதில் கேடும் உண்டு. கிடைத்துவிட்ட குழந்தையின் படம் வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. வீட்டுக் கொடுமைக்குத் தப்பி ஓடிய பெண்ணின் படத்தை அவள் கணவரே 'கண்டால் சொல்லவும்' என்று பரப்பக்கூடும். காவல் நிலைய எண்ணும் தேதியும் இல்லாத அறிவிப்பை அனுப்பாமல் விடுவதே நல்லது. வயது வந்தவர் உயிரோடு கிடைத்தால், வீட்டாரிடம் திரும்புவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

எலும்பாகக் கிடைத்தவர்களுக்கு டிஎன்ஏ ஒப்பீடுதான் வழி. அதற்குக் காணாமல் போனவர்களின் உறவினர் மாதிரிகளும் அடையாளம் தெரியாத உடல்களின் மாதிரிகளும் ஒரே கிடங்கில் சேர வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கொண்டிருந்த டிஎன்ஏ ஒழுங்குமுறை மசோதா 2019-இல் மக்களவையில் அறிமுகமானது; குடிமக்களின் அந்தரங்கம் பற்றிய ஆட்சேபங்களுக்கு நடுவே 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. எலும்போடு கிடைக்கும் பொருட்களும் உதவக்கூடும். இலங்கையில், யாழ்ப்பாணம் செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழியிலிருந்து எடுத்த பொருட்களை, உறவினர் யாரேனும் அடையாளம் காட்டக்கூடும் என்று 2025 ஆகஸ்டில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். குழிக்குள் கிடைத்தவற்றில் ஒரு பள்ளிப் பையும் பொம்மையும் இருந்தன.

ஆள் கிடைக்காமலே போனால் சட்டம் ஏழு ஆண்டு காத்திருக்கிறது. வழக்கமாகச் சேதி அறியக்கூடியவர்களுக்கு ஏழு ஆண்டாக ஒருவரைப் பற்றி எந்தச் சேதியும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இந்த விதி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் தொடர்கிறது. இந்து திருமணச் சட்டத்திலும் மணமுறிவுக்கு அதே ஏழு ஆண்டுதான். விதியில் ஒரு முள் இருக்கிறது: இறந்தார் என்று அது ஊகிக்கும், எப்போது இறந்தார் என்று ஊகிக்காது. எல்ஐசி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் இதைத் தெளிவாக்கியது. காணாமல் போனவரின் பாலிசிக்குத் தவணை கட்டாமல் விட்டு, ஏழு ஆண்டு கழித்து முழுத்தொகை கேட்டால் கிடைக்காது. வராத மனிதருக்காகத் தவணையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். மத்திய அரசு ஊழியரின் வீட்டாருக்கு நிலைமை கொஞ்சம் மேல். புகார் பதிவாகி ஆறு மாதம் கடந்து, ஆள் கிடைக்கவில்லை என்று காவல்துறை அறிக்கை கொடுத்தால் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம்.

பேரிடரில் மட்டும் இறப்புச் சான்றுக்கு அரசு ஏழு ஆண்டு காத்திருப்பதில்லை. 2013 கேதார்நாத் வெள்ளத்துக்கும் 2021 சமோலி வெள்ளத்துக்கும் பிறகு, காணாமல் போனவர்களின் பட்டியலை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, யாரும் மறுக்காதவர்களுக்கு இறப்புச் சான்று கொடுத்தார்கள். இலங்கை 2016-இல் வேறொரு வழியைச் சட்டமாக்கியது: இறந்தார் என்று சொல்லாமல், இன்னார் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரம். சொத்தைப் பராமரிக்கவும் நலத்திட்டங்களைக் கோரவும் அதை வீட்டார் காட்டலாம். புனேயில் வேலைக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவி, அவர் பெயரில் உள்ள வீட்டை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், ஏழு ஆண்டு கழித்துச் சிவாஜி நகர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, பழைய மிஸ்ஸிங் பதிவின் நகலோடு நிற்க வேண்டும்.